நாலு முறை திரும்பி வந்த ரயில்

ஆரணி டெலிபோன் ஆபீசில் ஏழு வருஷம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு, தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்ல வராது. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் எங்கள் வேலையில் பாதி அதுதான்.

அந்த நாளில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டுக் கடை முதலாளிகள் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் டிரங்க் கால் போட்டுவிட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் எங்களைக் கூப்பிடுவார்கள்.

"இன்னா மேடம், லைன் இன்னும் கெடைக்கலியா?"

"இதோ வந்துகினே இருக்குங்க சார், பத்தே நிமிஷம்" என்பேன் நான். எனக்கு ஒன்றும் தெரியாது. வேலூர் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கும் தெரியாது. பத்து நிமிஷம் என்று சொன்னால் அந்த மனுஷர் போய் ஒரு காப்பி குடிப்பார், நமக்கும் நிம்மதி. அக்கா அப்படிச் சொல்ல மாட்டார். "எப்போ கெடைக்கும்னு தெரியலைங்க. கெடைச்சதும் கூப்பிடுறேன்" என்பார். எதிர்முனையில் கத்துவது என் காதுக்கே கேட்கும். அக்கா கோபப்பட மாட்டார், பயப்படவும் மாட்டார். அதே வாக்கியத்தை அதே குரலில் இன்னொரு தரம் சொல்லிவிட்டு அடுத்த லைனுக்குப் போய்விடுவார்.

அவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். எழுபத்து மூன்றில் மாற்றலாகி எங்கள் ஊருக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். உயரம், ஒல்லி, நெற்றியில் மிளகளவு குங்குமம். தறிக்காரர் வீடு ஒன்றின் பின்கட்டில் தனியாக ஒரே அறையில் இருந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு. புருஷன் செத்துப்போய்ப் பல வருஷம், இவள் வெட்கமில்லாமல் பொட்டு வைத்துக்கொண்டு திரிகிறாள் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் அவர் காதுக்கு எட்டியிருக்கும். எதையும் அவர் மறுத்ததில்லை.

டெலிபோன் போர்டில் கூட்டமில்லாத நேரத்தில் நாங்கள் எல்லாரும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கதை பேசுவோம். அக்கா மட்டும் ஒவ்வொரு ஊர் லைனாகப் போட்டுப் பார்ப்பார். "செய்யாறு, நான் பேசுறது கேக்குதா? சரி." "வந்தவாசி, கேக்குதா? சரி." யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. வந்தவாசியில் இருந்த பெண் ஒரு நாள் என்னிடம், "உங்க அக்காவுக்கு வேற வேலை இல்லையா? போட்டுப் பேஜார் பண்ணிகினே இருக்காங்க" என்று அலுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம் சேவூரிலிருந்து ஒரு அம்மாள் ஓடி வந்தாள். பெங்களூரில் வேலை செய்யும் மகனுக்கு விபத்து என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகன் வேலை செய்த கம்பெனியின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்து வந்திருந்தாள். அக்கா முக்கால் மணி நேரம் போராடி லைன் வாங்கினார். டெலிபோன் கூண்டுக்குள் அந்த அம்மாள் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டதால், அக்காவே எதிர்முனையில் பேசினார். "ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம்..." என்பது வரை வந்து லைன் அறுந்துவிட்டது.

அந்த அம்மாள் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, "உசுரோட கீறான் இல்லம்மா? சொல்லும்மா, உசுரோட கீறான் இல்ல?" என்று கேட்டாள்.

நானாக இருந்தால் தலையை ஆட்டியிருப்பேன். அக்கா எழுந்து வெளியே போய் அவள் எதிரே நின்றார். "ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம்னு சொன்னாங்கம்மா. அதுக்கு மேல எனக்குக் கேக்கல. மறுபடி லைன் போடுறேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அக்காவுக்கு ரெண்டு மணிக்கே டூட்டி முடிந்துவிட்டது. ஆறு மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆறு மணிக்கு லைன் கிடைத்தது. பையனுக்குக் கால் எலும்பு முறிவு, வேறொன்றுமில்லை. அந்த அம்மாள் எனக்குக் கைகூப்பினாள். அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "பெத்தவ வயிறு எரியுது, ஒரு வார்த்தை ஆறுதலா சொன்னா இன்னா கொறைஞ்சு போவும்? கல்லு மாதிரி நின்னா பாரு" என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். அக்கா உள்ளே டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்.

மனுஷர்கள் உட்கார்ந்து பேசுகிற பேச்சில் முக்கால்வாசி யூகம்தான் என்பது அக்காவோடு பழகிய பிறகுதான் எனக்கு உறைத்தது. "பொண்ணு நல்ல குணமாத்தான் தெரியுது இல்ல?" என்று கல்யாண வீட்டில் ஒருத்தி கேட்டால், "இப்பத்தான பார்த்தேன், குணம் எப்படித் தெரியும்?" என்பார். அதற்கு மேல் யார் என்ன பேசுவார்கள்? பந்தியில் அவர் பக்கத்து இலையில் கடைசியாகத்தான் ஆள் உட்காரும். பண்டிகை நாட்களில் அவராகவே டூட்டி கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஒரு சமயம் ஆபீசில் எல்லாருக்கும் குடும்ப விவரப் படிவம் ஒன்று வந்தது. நான்தான் சேகரித்து ஹெட்கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் அக்காவின் தாளைத் தூக்கிப் பிடித்து, "இன்னாம்மா இது, வெளையாட்டா?" என்று கத்தினார். 'கணவர் உயிருடன் இருக்கிறாரா' என்ற இடத்தில் ஆம், இல்லை இரண்டையும் விட்டுவிட்டு, பக்கத்தில் 'தெரியாது' என்று அக்கா எழுதியிருந்தார்.

அன்று சாப்பாட்டு வேளையில் அவரிடமே கேட்டுவிட்டேன். தட்டிக்கழிப்பார் என்று நினைத்தேன். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அவுகளுக்குத் தலைமன்னார்ல ஒரு கடையில வேலை. தீபாவளிக்கு லீவுல வந்திருந்தாக. மார்கழியில திரும்பிப் போறதுக்குத் தனுஷ்கோடி கப்பலைப் பிடிக்கணும். பாம்பன்ல ஒரு சிநேகிதர் வீட்டுல சாப்பிட்டுட்டு ரயில் ஏறினாக. ஏத்திவிட்டது அந்த சிநேகிதர்தான், அவரே என்கிட்ட சொன்னார். அதனால ஏறினது தெரியும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. அறுபத்து நாலில் புயலில் கடல் ஏறி வந்து தனுஷ்கோடியையும் அந்த ரயிலையும் கொண்டுபோனது யாருக்குத்தான் தெரியாது? ரயிலில் இருந்தவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

"நான் அப்ப ராமநாதபுரம் போர்டுல டிரெயினிங். காலையிலேர்ந்து பாம்பன் லைனைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். செத்துக் கெடந்துச்சு" என்றார். "கரையில எத்தனையோ பேரைக் காட்டுனாக. அவுகளைக் காட்டல. அப்புறம் ஒண்ணும் தெரியாது." கல்யாணமாகி எட்டு மாதம்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

யாரிடமும் சொல்லாதே என்று அவர் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் சொல்லாமல் இருந்திருப்பேனோ என்னவோ.

எழுபத்தெட்டில் எங்கள் பக்கம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் ஆந்திராவில் புயல் அடித்து ஊர் ஊராக அழிந்து போயிருந்தது. அதைப் பார்த்த பிறகு மெட்ராசில் ஒரு இளம் டைரக்டருக்குத் தனுஷ்கோடி ரயிலைப் படமாக எடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஊரே இல்லாத இடத்தில் ஸ்டேஷனுக்கு எங்கே போவது? ஆரணி ரோடு ஸ்டேஷன் ஆரணியில் இல்லை, பஸ் ஏறிக் களம்பூர் போக வேண்டும். மீட்டர்கேஜ், சின்னக் கட்டடம், நாளெல்லாம் நாலைந்து வண்டிதான். அதுதான் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

அவர்களுடைய உதவி டைரக்டர் ஒருவர் தினமும் மெட்ராசுக்குக் கால் போட எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருவார். வாயாடி. நானும் வாயாடி. ரெண்டாம் நாளே, "எங்க அக்கா வூட்டுக்காரரே அந்த ரயில்ல போனவருதான் சார்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்கு ஏதோ பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் டைரக்டரே வந்துவிட்டார். முப்பது வயதுகூட இருக்காது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அக்காவைக் கும்பிட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"நெஜத்தைத்தான சொல்லியிருக்கீங்க" என்றார் என்னிடம். அதோடு சரி. அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

டைரக்டர் கேலிக்கூத்தாக எடுக்க வந்தவர் இல்லை. தனுஷ்கோடி மணலில் ரெண்டு தடவை போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ரயில் பெட்டிக்குள் நடக்கும் காட்சி எழுதிய தாள்களை அக்காவிடம் கொடுத்து, தப்பு இருந்தால் திருத்தச் சொன்னார். நாங்கள் ஓய்வெடுக்கும் அறையில் உட்கார்ந்து அக்கா படித்தார். புதிதாகக் கல்யாணமான ஒருத்தன் மனைவியின் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு கதறுகிறான். தண்ணீர் ஜன்னல் வழியே வருகிறது. எல்லாரும் கடவுளைக் கூப்பிட்டு அலறுகிறார்கள். அப்படி ஆறு பக்கம்.

"இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லலைம்மா. கற்பனைதான்."

"உள்ள இருந்தவுக ஒருத்தரும் வரலையே."

"வரலைங்கறதாலதாம்மா எழுத வேண்டியிருக்கு. இப்படிக் காட்டலேன்னா ஜனங்களுக்கு அவங்க பட்ட பாடு புரியாது. பேப்பர்ல ரெண்டு வரியோட போயிடுவாங்க. நம்ம வீட்டு மனுஷன் மாதிரி ஒருத்தனை உள்ளே உட்கார வெச்சாத்தான் பார்க்கிறவன் அழுவான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அக்கா தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"அவுக பயந்தாகளா, தூங்கிட்டே இருந்தாகளா, எனக்குத் தெரியாதுங்க. நான் நெனைச்சுப் பார்க்காத நாள் இல்ல. ஒரு நாள் தூங்கின மாதிரி நெனைப்பேன். ஒரு நாள் பக்கத்துல இருந்த குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்ட மாதிரி நெனைப்பேன். ஒரு நாள் ரயிலே ஏறலைன்னுகூட நெனைப்பேன். நீங்க ஒரு மாதிரி எடுத்துக் காட்டிட்டீங்கன்னா, அப்புறம் எனக்கு அந்த ஒண்ணுதாங்க வரும். மத்ததெல்லாம் போயிடும்."

டைரக்டர் தாள்களை வாங்கிக்கொண்டார். "பெட்டிக்குள்ளே நடக்கிறதை மெட்ராஸ்லதான் எடுக்கணும். யோசிக்கிறேம்மா" என்றார். பிறகு, "ஸ்டேஷன்ல ஏறுறதையாவது நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும்" என்றார். அக்கா வர மாட்டார் என்று நான் நினைத்தேன். "எனக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு. வரேங்க" என்றார்.

நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். அவர் கூப்பிடவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை.

மத்தியான வண்டி போன பிறகு சாயங்கால வண்டி வரும் வரை ஸ்டேஷன் அவர்களுடையது. நாலு பெட்டியோடு ஒரு என்ஜின் நின்றிருந்தது. பகலையே ராத்திரியாகக் காட்ட கேமராவில் ஏதோ நீலக் கண்ணாடி வைத்திருந்தார்கள். டேங்கர் தண்ணீரைப் பீய்ச்சி மழை பெய்ய வைத்தார்கள். ஏறுகிற ஜனங்கள் எல்லாரும் களம்பூர்க்காரர்கள், சேவூரிலிருந்து வந்த சில தறிக்காரக் குடும்பங்கள். அழுதுகொண்டே ஏற வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒத்திகையில் ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் ஒப்பாரி வைத்தார்கள்.

அக்கா டைரக்டரிடம் போனார். "ஏறும்போது ஏங்க அழறாங்க? அவுகளுக்கு என்ன தெரியும்?"

டைரக்டர் ஏறிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சீட்டுப் பிடிக்கச் சண்டை போட்டுக்கிட்டு ஏறினாகன்னு ஏத்திவிட்டவர் சொன்னார். ஒரு பொம்பளை கோழியை வெச்சுக்கிட்டு ஏறி எல்லாரும் திட்டினாகளாம். அவுக ஜன்னல் வழியா சிரிச்சாகளாம். அவர் சொன்னது அவ்வளவுதாங்க."

டைரக்டர் ஒலிபெருக்கியை வாங்கி, "யாரும் அழ வேணாம். நீங்க தினமும் எப்படி ரயில் ஏறுவீங்களோ அப்படி ஏறுங்க" என்றார். சொன்னதுதான் தாமதம், ஜனங்களுக்கு உயிர் வந்துவிட்டது. "யோவ், ஜல்தி ஏறுய்யா", "துண்டு போட்ட எடம்யா அது, கண்ணு தெரியல?" என்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். எங்கிருந்தோ ஒரு கோழியும் வந்து சேர்ந்தது. விசில் ஊதியது. தகரப் பெட்டியோடு ஒரு பையன், அவன்தான் புது மாப்பிள்ளையாக நடிப்பவன், ஜன்னலில் உட்கார்ந்து சிரித்தான். ரயில் கிளம்பியது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டே போய் வளைவில் மறைந்தது. கொஞ்ச நேரம் புகை தெரிந்தது.

பிறகு நடந்ததை நாங்கள் ரெண்டு பேருமே எதிர்பார்த்திருக்கவில்லை. இன்னொரு தரம் எடுக்க வேண்டும் என்றால் ரயில் திரும்பித்தானே ஆக வேண்டும்? அது பின்பக்கமாகவே வந்தது. முதலில் சிவப்பு விளக்கு, அப்புறம் ஒவ்வொரு பெட்டியாக, ஜன்னலெல்லாம் முகங்களோடு வந்து அதே இடத்தில் நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள். "டேய், என் செருப்பு உள்ளயே கீதுடா." "டீ எப்பங்க குடுப்பாங்க?" ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு ஒரு பெண் குதித்தாள். கோழிக்காரி கோழியோடு இறங்கினாள்.

அக்கா பிளாட்பாரத்தின் விளிம்புக்குப் போய் நின்றுகொண்டார். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். அவசரமில்லாமல், ஒருத்தரையும் விடாமல். தகரப் பெட்டிக்காரப் பையன் கடைசியாக இறங்கி, "வணக்கம்மா" என்றான். அக்கா தலையசைத்துவிட்டு, அவனைத் தாண்டிக் காலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"போலாம்க்கா" என்றேன்.

"இருங்க."

நாலு தடவை எடுத்தார்கள். நாலு தடவையும் ரயில் போயிற்று, நாலு தடவையும் எல்லாரையும் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. நாலு தடவையும் அக்கா விளிம்பில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என்ஜினைக் கழற்றிக்கொண்டு போனபோது டைரக்டரிடம் கேட்டார்: "இனிமே இல்லையாங்க?"

"இல்லம்மா, முடிஞ்சுது."

"சரிங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அடுத்த நாள் சாப்பாட்டு வேளையில் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

மறு வருஷம் மெட்ராசிலிருந்து ஒரு கால் வந்தது. அக்காதான் எடுத்தார். பேசியது டைரக்டர். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "பெட்டிக்குள்ளே நடக்கிறதை எடுக்க வேண்டியதாப் போச்சும்மா. தயாரிப்பாளர் விடலை. ஆறு பக்கத்தை ரெண்டாக் குறைச்சேன், என்னால முடிஞ்சது அவ்வளவுதான். படம் உங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு தோணுச்சு." அக்கா, "ரயில் கெளம்பின உடனே வருதாங்க அது?" என்று கேட்டார். "இல்லம்மா, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு." "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு போர்டிலிருந்து வயரை உருவினார்.

எங்கள் ஊர்த் தியேட்டருக்குப் படம் வந்தபோது, "மேட்னிக்குப் போவோமா?" என்று அவராகவே கேட்டார். இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் காட்சி வந்தது. திரையில் அது நிஜமாகவே ராத்திரியாக இருந்தது. கோழிக்காரி ஏறினாள், தியேட்டர் சிரித்தது. "தோ பார்டா, நம்ம களம்பூர் மாமா!" என்று யாரோ கூவினார்கள். ஜன்னலில் அந்தப் பையன் சிரித்தான். சிவப்பு விளக்கு சின்னதாகிக்கொண்டே போனது. அது புள்ளியாவதற்குள் அக்கா எழுந்து என் தோளைத் தொட்டார். வெளியே வந்தோம். வெயில் கண்ணைக் குத்தியது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தியேட்டருக்குப் பக்கத்துச் சந்தில் நடக்கும்போதுதான் சத்தம் வந்தது. கதவெல்லாம் திறந்து வைத்திருந்த பழைய தியேட்டர். புயலும் அலையும், அப்புறம் அலறலும், ஒரு ஆண் குரல் பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கதறுவதும் தெரு முழுக்கக் கேட்டது. காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று கேட்டார்கள். சத்தம் வெளியே கேட்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். கமண்டல நாகநதிக் கரை இறக்கத்தில் இறங்கி, தண்ணீரில்லாத ஆற்று மணலுக்கு வந்த பிறகுதான் சத்தம் நின்றது. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவர் கையை நான் விடவில்லை, அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வெகுநேரம் கழித்து, "அவுக குரல் ரொம்ப மெல்லிசுங்க" என்றார். "கூடத்துல இருந்து கூப்பிட்டா அடுப்படிக்குக் கேக்காது. நான்தான் என்னங்க, என்னங்கன்னு கத்திக்கிட்டே கெடப்பேன்."

புருஷனைப் பற்றி ரயில் இல்லாமல் அக்கா பேசி அன்றுதான் கேட்டேன்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டது இல்லியாக்கா?"

"யாரு கூப்பிடுவா அப்பல்லாம்?"

சிரித்தார். பிறகு மணலில் நாலடி முன்னால் போய் நின்று, யாரையோ அக்கரையிலிருந்து அழைப்பது போல, புருஷன் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தரம் உரக்கக் கூப்பிட்டார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கருவேல நிழலில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள் எழுந்து நின்றார். அவருக்கும் அதே பெயரோ, இல்லை வேறெதுவும் கேட்டதோ. கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்களைப் பார்த்துவிட்டு, தலைத்துண்டை உருவி வீசிக் காட்டினார்.

அக்கா கையை உயர்த்தி அசைத்தார்.